எண்ணெயை எண்ணெயால் எடு!



முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். எண்ணெயை எண்ணெயால் எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் இரண்டாமாண்டு லேத் ஒர்க்‌ஷாப்பில் என் கைகள் பட்ட பாட்டுக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எண்ணெய், சோப்பு என்ற இரண்டு சாதாரணப் பொருள்களைப் பற்றி நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டதை இந்த ஆண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நாம் தினமும் தொடும் சமாச்சாரம் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

காங்கேயம் பக்கத்துக் கிராமம் என்னுடையது. கொப்பரைக் களமும் எண்ணெய் மில்லும் உள்ள ஊர்ப்பக்கம். ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துவிடுவார். "தலைக்கும் வெச்சுக்க, கைகாலுக்கும் தடவிக்க கண்ணு" என்பார். நான் அதை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிடுவேன். எண்ணெய் வழியும் முகத்தோடு காலேஜுக்குப் போனால் பட்டிக்காட்டான் என்று சிரிப்பார்களே என்ற பயம்! வாசனை சோப்பும் பாக்கெட் ஷாம்பும்தான் நாகரிகம் என்று நினைத்த காலம் அது.

லேத் வகுப்பு முடிந்ததும் கை எப்படி இருக்கும் என்று மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிரீஸ், கூலண்ட், இரும்புத் துகள் எல்லாம் சேர்ந்து ஒரே கருப்பு. மூலையில் ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய் இருக்கும். அதில் கையை முக்கி, கொஞ்சம் மரத்தூள் போட்டுத் தேய்த்து, துணி துவைக்கும் பவுடரால் கழுவினால் இரண்டு நிமிடத்தில் கை பளிச். இரண்டு மாதம் இப்படியே செய்தேன். பிறகு விரல் மடிப்புகளில் வெடிப்பு வந்தது. மிளகாய்க் குழம்பைப் பிசைந்தால் உயிர் போகும். இன்ஜினியரிங் டிராயிங் ஷீட்டில் ஒரு நாள் ரத்தக் கறை படிந்து, மூன்று மணி நேரம் போட்ட படத்தை மறுபடி போட்டேன்.

ஒர்க்‌ஷாப் அட்டெண்டர் அண்ணன் என் கையைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, கையில இருக்கிற எண்ணெயெல்லாம் நீயே உருவி எடுத்துட்டு அப்புறம் வெடிக்குதுன்னா எப்படி? முதல்ல தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய். அழுக்கு தானா வரும். அப்புறம் குளிக்கிற சோப்பு போடு" என்றார்.

"ஏற்கெனவே கை பூரா எண்ணெய்தானேண்ணே, அதுல இன்னொரு எண்ணெயா?"

"செஞ்சு பாத்துட்டுப் பேசு தம்பி."

செய்து பார்த்தேன். கருப்பு கரைந்து வந்தது. மூன்று வாரத்தில் வெடிப்பும் மூடியது. டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அம்மாவின் பாட்டில் மேஜைக்கு வந்தது.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். பிறகு நான் செய்த தப்புதான் என்னை எழுத வைக்கிறது.

அரைகுறை வைத்தியன்

என் கை ஆறியதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஹாஸ்டலில் எனக்கு 'எண்ணெய் டாக்டர்' என்று பட்டப்பெயர். யார் எதைக் கேட்டாலும் ஒரு மருந்து சொல்வேன். என் அறைத்தோழனுக்கும் கையில் வெடிப்பு, கூடவே கரும்புள்ளிகள். அவன் கேட்டதும், "எலுமிச்சம்பழச் சாறும் மஞ்சளும் கலந்து தேய்டா, மேல வேப்பெண்ணெய் பூசிட்டு வெயில்ல கொஞ்ச நேரம் நில்லு. எல்லாம் இயற்கைதான், ஒண்ணும் ஆகாது மச்சான்" என்று சொன்னேன். எங்கே படித்தேன், யார் சொன்னார்கள், ஒன்றும் ஞாபகமில்லை. இயற்கை என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

இரண்டாம் நாள் அவன் புறங்கை முழுக்கக் கொப்புளம். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு ஓடினோம். டாக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எலுமிச்சைச் சாறு பட்ட தோல்ல கடுமையான வெயில் பட்டா தீக்காயம் மாதிரி பொத்துப்போகும். இயற்கைன்னா எல்லாம் நல்லதா தம்பி? எருக்கம்பாலும் இயற்கைதான். கண்ணுல விட்டுக்குவியா?"

மூன்று வாரம் அவன் கையில் கட்டு. லேத் பிராக்டிகல் வகுப்புகள் போயின. அந்த செமஸ்டரில் அந்த ஒரு பேப்பர் அரியர் ஆனது. அடுத்த செமஸ்டரில் ஒரு கம்பெனி கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்தபோது, 'அரியர் இருப்பவர்கள் வரக்கூடாது' என்று நோட்டீஸ் போட்டார்கள். தறி ஓட்டிப் படிக்க வைக்கும் அப்பாவுக்கு அவன் போன் செய்ததை நான் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டேன். என் பெயரை அவன் சொல்லவே இல்லை.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஏன், எப்படி என்று தெரியாமல் இனி ஒரு சொட்டு எண்ணெயையும் யாருக்கும் சிபாரிசு செய்யக்கூடாது. நூலகத்தில் தேடியதும், கெமிஸ்ட்ரி சாரைத் தொந்தரவு செய்து கேட்டதும் கீழே வருகிறது.

தோல் என்பது ஒரு சுவர்

சிவில் நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நம் தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. காய்ந்து தட்டையான செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவே உள்ள கொழுப்புப் பொருள்கள்தான் கலவை. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் கிருமியும் ரசாயனமும் உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர்தான்.

மண்ணெண்ணெய், டீசல், தின்னர் எல்லாம் கிரீஸைக் கரைக்கும். கூடவே சுவரில் இருக்கும் கலவையையும் கரைக்கும். அதற்கு இது கிரீஸ், இது தோலின் கொழுப்பு என்று வித்தியாசம் தெரியாது. கலவை போன சுவர் என்னாகும்? செங்கல் பெயரும், விரிசல் விழும். அதுதான் நம் கை வெடிப்பு. மரத்தூளில் கலந்திருக்கும் இரும்புத் துகள் வேறு கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். வாஷிங் சோடா கலந்த பவுடர் கடும் காரம். ஆரோக்கியமான தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். சுமார் 5. அதன் மேல் கடும் காரத்தைத் தினமும் கொட்டினால் தாங்குமா?

சரி, தேங்காய் எண்ணெய் எப்படி கிரீஸை எடுக்கிறது? கெமிஸ்ட்ரியில் ஒரு எளிய விதி: இனம் இனத்தைக் கரைக்கும். உப்பு தண்ணீரில் கரையும். கிரீஸ் எண்ணெயில் கரையும். மண்ணெண்ணெய் செய்கிற அதே வேலையைத் தேங்காய் எண்ணெய் மெதுவாகச் செய்கிறது. அது மண்ணெண்ணெய் மாதிரி ஊடுருவித் தோலை உலர்த்துவதில்லை. மேலே ஒரு படலமாக நின்று தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கிறது. வேகம் குறைவு, சேதமும் குறைவு. இவ்வளவுதான் ரகசியம்.

சோப்புக்குத் தலையும் உண்டு, வாலும் உண்டு

எண்ணெயில் கரைந்த அழுக்கைத் தண்ணீரில் போக்க ஒரு தரகர் வேண்டுமே, அவர்தான் சோப்பு. சோப்பு மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலையும், எண்ணெயை விரும்பும் நீண்ட வாலும் உண்டு. பல மூலக்கூறுகள் சேர்ந்து வாலை எண்ணெய்த் துளிக்குள் குத்தி, தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அப்போது எண்ணெய்த் துளி தண்ணீரோடு போய்விடும். 2020-இல் கொரோனா வந்தபோது, 'சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்கள்' என்று ஊரெல்லாம் சொன்னார்களே, அதற்கும் இதே வால்தான் காரணம். அந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பின் வால் அதைப் பிய்த்துவிடுகிறது. இதற்கு விலை உயர்ந்த கிருமிநாசினி சோப்பு தேவையில்லை. அமெரிக்காவில் 2016-இல், சாதாரண சோப்பை விட மேலானது என்று நிரூபிக்க முடியாததால், டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிகளை வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்க்கத் தடை விதித்தார்கள்.

சோப்பு என்பதே எண்ணெயிலிருந்து வந்ததுதான் என்பது எனக்கு ஆச்சரியம். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் உண்டாகும். எண்ணெயும் கொழுப்பும் கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தவை என்று விளக்கிக் காட்டியவர் மிஷேல் ஷெவ்ருல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. அவருடைய நூல் 1823-இல் வந்தது. மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார்!

நல்ல சோப்பில் காஸ்டிக் சோடா மிச்சம் இருக்காது. எல்லாம் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகிவிடும். இருந்தாலும் சோப்புத் தண்ணீரின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். அதனால்தான் குளித்தவுடன் தோல் இழுத்துப் பிடிக்கிறது. ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். வெடித்த தோலுக்கு அந்தச் சக்தி குறைவு.

ஹாஸ்டல் தண்ணீரும் நுரையும்

"நம்ம ஹாஸ்டல்ல சோப்பு நுரையே வரலியே" என்று புலம்பாதவர் உண்டா? குற்றம் சோப்பின் மேல் இல்லை. போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகின்றன. பக்கெட்டின் உள்பக்கம் படியும் வெள்ளைப் பிசுக்கு அதுதான். தலைமுடியில் படிந்து முடியைக் கயிறாக்குவதும் அதுதான். நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் சோப்பைத் தேய்த்தால் பிசுக்குதான் கூடும். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டிக்காரர். உப்புத் தண்ணீரில்கூட நுரைக்கும். கப்பலில் கடல் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு அந்தக் காலத்தில் தேங்காய் எண்ணெய்ச் சோப்பே கொடுத்தார்கள்.

தலைக்குச் சீயக்காயும் அரப்பும் நம் பாட்டிமார் கண்ட வழி. இவற்றில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் உண்டு. இது சோப்பு இல்லாததால் போர்வெல் தண்ணீரில் அந்த வெள்ளைப் பிசுக்கு வராது. எண்ணெய்க் குளியலுக்குப் பின் மிதமான எண்ணெயை விட்டுவைத்து மீதியை எடுத்துவிடும். கண்ணில் பட்டால் எரியும், அது ஒன்றுதான் தொல்லை. உடம்புக்குப் பாசிப்பயற்று மாவு போதும். மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு வந்துவிடும்.

எந்த எண்ணெய் எதற்கு?

தேங்காய் எண்ணெய்: கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழியில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது. உறைந்தால் கலப்படம் என்று சிலர் நினைக்கிறார்கள்; உறைவது அதன் சுபாவம். வறண்ட தோலுக்கும் முடிக்கும் நல்லது. முடியிலிருந்து புரதம் இழப்பதை இது குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்யவில்லை என்றும் 2003-இல் ஒரு இந்திய ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. அதைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எதையும் யார் சொல்கிறார்கள் என்று பார்த்துப் படிப்பது நல்ல பழக்கம்.

நல்லெண்ணெய்: தீபாவளிக் குளியலின் கதாநாயகன். ஒலியிக், லினோலியிக் அமிலங்கள் ஏறக்குறைய சமமாக உண்டு. தேங்காய் எண்ணெய் மாதிரி உறையாது. உடம்பில் தேய்த்துக் குளிக்க ஏற்றது.

விளக்கெண்ணெய்: கெட்டி, பிசுபிசுப்பு. பித்த வெடிப்புள்ள குதிகாலில் இரவு தடவி சாக்ஸ் போட்டுப் படுத்தால் காலையில் வித்தியாசம் தெரியும். தலைக்குத் தனியாகப் போட்டால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வேப்பெண்ணெய்: வீரியமானது. நேரடியாகப் புண்ணில் பூசவே கூடாது. வாயில் விடவும் கூடாது. குழந்தைகளுக்கு அது உயிருக்கே ஆபத்து.

பெட்ரோலியம் ஜெல்லி: இது இயற்கை எண்ணெய் இல்லை. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும்: தோலின் ஈரத்தைப் பூட்டிவைப்பதில் இதை மிஞ்ச எண்ணெய் இல்லை. ராபர்ட் செஸ்பரோ 1872-இல் காப்புரிமை வாங்கிய பொருள் இன்றும் தோல் டாக்டர்கள் கையில் இருக்கிறது. இயற்கை என்பதால் எல்லாம் நல்லதும் இல்லை, பெட்ரோலியத்திலிருந்து வந்ததால் எல்லாம் கெட்டதும் இல்லை.

எண்ணெய் செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். எந்த எண்ணெயும் வழுக்கையில் முடி முளைக்க வைக்காது. நிறத்தை வெளுக்க வைக்காது. பொடுகு உள்ள தலையில் எண்ணெயை ஊற வைத்தால் பொடுகு கூடலாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அதுவே தீனி. முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவாமல் இருப்பது உத்தமம்.

உறையைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

கடையில் சோப்பு வாங்கும்போது நடிகையின் படத்தைப் பார்க்கிறோம். பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை. அங்கே டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் இருக்கும். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயப்படி டாய்லெட் சோப்பில் முதல் கிரேடுக்குக் குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் கிரேடுக்கு 70, மூன்றாம் கிரேடுக்கு 60 இருக்க வேண்டும். 'பாத்திங் பார்' என்று போட்டிருந்தால் அது வேறு வகை. அதற்கு 40 இருந்தாலே போதும். டி.எஃப்.எம். குறைந்த சோப்பு தண்ணீரில் சீக்கிரம் கரைந்து கொழகொழவென்று ஆகிவிடும். மூன்று ரூபாய் மிச்சம் என்று வாங்கியது பத்து நாளில் காணாமல் போகும். 'மூலிகை' என்று பெரிய எழுத்தில் இருந்தாலும், உள்ளே எத்தனை பங்கு மூலிகை என்று பின்பக்கம்தான் சொல்லும். தலை எண்ணெய்ப் பாட்டிலிலும் 'லிக்விட் பாரஃபின்', 'மினரல் ஆயில்' என்று முதலில் எழுதியிருந்தால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெய். அது விஷமில்லை. தேங்காய் எண்ணெய் விலை கொடுத்து அதை வாங்குகிறோமா என்பதுதான் கேள்வி.

நாமே செய்யலாமா?

செய்யலாம். கெமிஸ்ட்ரி லேபில், சார் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். ஹாஸ்டல் ரூமில் வேண்டவே வேண்டாம். நாங்கள் லேபில் செய்த கணக்கு இது:

தேங்காய் எண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்க எவ்வளவு காஸ்டிக் சோடா வேண்டும் என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 54.9 + 20.1 + 6.4 = 81.4 கிராம். இதில் 5 சதவீதம் குறைத்து 77 கிராம் மட்டும் எடுக்க வேண்டும். அப்போதுதான் சோடா முழுக்கத் தீர்ந்து, கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிச்சமிருக்கும். தோலுக்கு இதம் தருவது அந்த மிச்ச எண்ணெய்தான். தண்ணீர் 180 கிராம். எல்லாவற்றையும் தராசில் நிறுக்க வேண்டும். டம்ளர் கணக்கு ஆகாது.

கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, பொங்கித் தெறிக்கும். கரைசல் தானாகவே கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரத்தையே அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகு, கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தால் தோசை மாவுப் பதம் வரும். பட்டர் பேப்பர் விரித்த மர அச்சில் ஊற்றி, அடுத்த நாள் கையுறையோடு துண்டு போட்டு, காற்றோட்டமான இடத்தில் 4 வாரம் காய வைக்க வேண்டும். பி.எச். தாளில் 9 முதல் 10-க்குள் காட்டினால் உபயோகிக்கலாம். அதற்கு மேல் காட்டினால் தோலில் படக்கூடாது. முதல் தடவை நாங்கள் கணக்கில் நல்லெண்ணெய்க்கும் 0.183 போட்டுவிட்டோம். தாள் கரும்பச்சையைத் தாண்டி நீலமானது. சார் ஒன்றும் திட்டவில்லை. "இதைத்தான் உன் ஃப்ரெண்டுக்குக் குடுத்திருப்ப" என்று மட்டும் சொன்னார்.

ஒர்க்‌ஷாப் முடிந்ததும் செய்ய வேண்டியது

1. சுத்தமான துணியால் கையைத் துடையுங்கள். இரும்புத் துகள் ஒட்டிய பழைய காட்டன் வேஸ்ட் வேண்டாம்.

2. கை ஈரமில்லாமல் இருக்கும்போதே ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு, நகக்கண் வரை ஒரு நிமிடம் தேயுங்கள். தண்ணீர் பட்ட பிறகு தேய்த்தால் பலன் குறைவு.

3. கருப்பு கரைந்து வந்ததும் துணியால் துடைத்துவிட்டு, குளிக்கிற சோப்பால் கழுவுங்கள்.

4. ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கக் காயும் முன் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் தடவுங்கள்.

இதெல்லாம் வேலை முடிந்த பிறகு மட்டும். எண்ணெய்க் கையோடு சுத்தியலைப் பிடித்தால் நழுவும். வெல்டிங் ஷாப்பில் ஆக்சிஜன் சிலிண்டர் வால்வை எண்ணெய்க் கையால் தொடவே தொடாதீர்கள். அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தானே தீப்பிடிக்கும். கூலண்டைக் கையாளும்போது கையுறை நல்லது. ஆனால் ஓடும் லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் கையுறை கூடாது. துணியோடு கையையும் இழுத்துவிடும்.

இரண்டு வாரத்தில் ஆறாத வெடிப்பு, சீழ், கொப்புளம், இரவில் தூங்கவிடாத அரிப்பு இருந்தால் எண்ணெயும் வேண்டாம், என்னைப் போன்ற ரூம்மேட்டின் யோசனையும் வேண்டாம். நேரே தோல் டாக்டர். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டால் போதும். வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குக் காலில் வெடிப்பு இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

முடிவாக

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்று பழமொழி சொல்கிறது. வாணியன் என்றால் செக்கு ஆட்டி எண்ணெய் கொடுப்பவர். நல்ல எண்ணெய்க்குச் செலவு செய்தால் வைத்தியச் செலவு மிச்சம் என்று அர்த்தம். பழமொழி உண்மைதான். ஆனால் வைத்தியரிடம் போக வேண்டிய நேரத்தில் வாணியரிடம் போகக்கூடாது என்பதை நான் சேர்த்துக்கொண்டேன்.

என் நண்பன் அந்த அரியரை எழுதி பாஸ் செய்துவிட்டான். புறங்கையில் கருந்தழும்பு இன்னும் மங்கவில்லை. அடுத்த கம்பெனி வரும்போது உட்காருவான். இந்தக் கட்டுரையை அவனிடம் காட்டினேன். படித்து முடித்துவிட்டு, "எல்லாம் சரிடா, எலுமிச்சம்பழம் மேட்டரைப் பெரிய எழுத்துல போடச் சொல்லு" என்றான். பிறகு மேஜையிலிருந்த என் அம்மாவின் பாட்டிலை எடுத்து நான்கு சொட்டு கையில் விட்டுக்கொண்டு ஒர்க்‌ஷாப் டைரி எழுத உட்கார்ந்துவிட்டான்.

நாம் கையை நம்பிப் பிழைக்கப் போகிறவர்கள், நண்பர்களே. மெஷினுக்கு எந்த ஆயில், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்று மனப்பாடமாகச் சொல்கிறோம். அந்த மெஷினை ஓட்டும் கைக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம்!

– இறுதியாண்டு மாணவன்,
மெக்கானிக்கல் பிரிவு